சீனக் கம்பெனிகள் ஜெர்மனிக்குப் போனது எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீன நிறுவனங்கள் தொழிற்சாலைகளை வாங்குவது பற்றி உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணம் குவிந்து கிடப்பதால் சீனா உலகத்தை விலைக்கு வாங்கப் புறப்பட்டுவிட்டது என்பது அதன் சாரம். பணம் மட்டும்தான் காரணம் என்றால் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் அல்லவா வாங்கியிருப்பார்கள்? கூலி அதிகம், தொழிற்சங்கம் வலுவானது, ஆளைக் குறைப்பது எளிதல்ல என்று தெரிந்தே ஜெர்மனிக்கு ஏன் போனார்கள்? கட்டுரை இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி தினமும் என் பட்டறைக்கு வந்து நிற்கிறது என்பதால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகே கான்கிரீட் பம்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மாடி ஸ்லாபுக்கும், மேம்பாலத் தூணுக்கும், மெட்ரோ நிலையத்துக்கும் கான்கிரீட்டைக் குழாய் வழியே தள்ளுகிற இயந்திரம் அது. சிலிண்டருக்கு சீல் மாற்றுவது, சிலிண்டரிலிருந்து கான்கிரீட்டைக் குழாய்க்குத் திருப்பிவிடுகிற எஸ் வால்வு தேய்ந்தால் வெல்டிங் வைத்துக் கடைவது, பம்பும் நீண்ட மடிப்புக் கையும் பொருத்திய பூம் லாரியின் கை விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பூந்தமல்லி சாலையிலும் மாதவரம் பக்கமும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து பட்டறையில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை.

இந்தத் தொழிலில் பெயர்பெற்ற ஐரோப்பியக் கம்பெனிகள் மூன்று. ஜெர்மனியில் கார்ல் ஷ்லெக்ட் 1958இல் தொடங்கிய புட்ஸ்மைஸ்டர். அதே நாட்டில் 1934இலிருந்து இருக்கிற ஷ்விங். இத்தாலியில் மிலான் நகருக்குப் பக்கத்தில் 1928இல் தொடங்கிய சிஃபா. ஷ்விங்கை சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஷ்விங் ஸ்டெட்டர் என்ற பெயரில் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை இருக்கிறது. புட்ஸ்மைஸ்டர் பம்புதான் துபாயில் புர்ஜ் கலீஃபாவுக்கு 606 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட்டை ஏற்றியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

இந்த மூன்றும் இப்போது யாருடையவை? 2008இல் சீனாவின் ஜூம்லயன் சில முதலீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து சிஃபாவை வாங்கியது. 2012 ஜனவரியில் சானி, ஒரு சீன முதலீட்டு நிதியோடு சேர்ந்து, சுமார் 36 கோடி யூரோவுக்கு புட்ஸ்மைஸ்டரை வாங்கியது. அதே ஆண்டில் எக்ஸ்சிஎம்ஜி, ஷ்விங்கின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் மூன்றும் சீனர் கைக்குப் போய்விட்டன. வாங்கிய மூன்றும் ஒரே மாதிரிக் கம்பெனிகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சானி லியாங் வென்கென் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய தனியார் கம்பெனி. எக்ஸ்சிஎம்ஜி அரசுடையது. ஜூம்லயன் ஓர் அரசு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கிளைத்தது. கட்டுரையாளர் மூன்றையும் 'சீனா' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டார். தனித்தனியாகப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

சானி புட்ஸ்மைஸ்டரை வாங்கியபோது, சானிதான் பெரிய கம்பெனி. பம்பு செய்யத் தெரியாமல் அவர்கள் ஜெர்மனிக்குப் போகவில்லை. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை வெடித்தபோது, எரிபொருள் குளங்களில் தண்ணீர் ஊற்ற நீண்ட கை தேவைப்பட்டது. அந்த வேலைக்குக் கான்கிரீட் பூம் பம்புகளைத்தான் கொண்டுபோனார்கள். புட்ஸ்மைஸ்டரின் 58 மீட்டர் பம்பு அங்கே வேலை செய்தது. சானி நன்கொடையாக அனுப்பிய 62 மீட்டர் பம்பும் வேலை செய்தது. எட்டும் உயரத்தில் சீன இயந்திரம் அன்றைக்கே ஜெர்மன் இயந்திரத்துக்கு ஈடு. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த ஜெர்மன் கம்பெனியை வாங்கினார்கள் என்றால், இயந்திரத்துக்கு அப்பால் ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

அது என்ன என்று எங்கள் சைட்டில் நிற்கும் எந்த மேஸ்திரியும் சொல்வார். கான்கிரீட் போடும்போது பம்பு நின்றால், குழாயில் இருப்பது இறுகத் தொடங்கிவிடும். பின்னால் கான்கிரீட்டைக் கலக்கியபடியே கொண்டுவரும் டிரான்ஸிட் மிக்சர் லாரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பாதி போட்ட ஸ்லாபில் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் இணைப்பு விழும். பொறியாளர் வந்து உடைக்கச் சொன்னாலும் சொல்வார். வெயில் காலத்தில் சென்னையில் இதற்கெல்லாம் அதிக நேரம் ஆகாது. அதனால் பம்பு வாங்குகிற ஒப்பந்தக்காரர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நின்றால் யார் வருவார், ஸ்பேர் எங்கே கிடைக்கும், நான்கு வருஷம் கழித்து விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்கிறார். இவற்றுக்கெல்லாம் அவர் நம்புவது பல பத்தாண்டுகளாகச் சந்தையில் நிற்கிற ஒரு பெயரைத்தான். அந்தப் பெயரை, சானியின் சொந்த ஊரான சாங்ஷாவில் எவ்வளவு பெரிய ஆலை கட்டினாலும் செய்ய முடியாது. ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளின் ஒப்பந்தக்காரர்களிடம் போக சானிக்கு அந்தப் பெயரும், அதன் பின்னாலிருந்த விற்பனை, சர்வீஸ் ஆட்களும் தேவைப்பட்டார்கள். வாங்கிய பிறகு அவர்கள் புட்ஸ்மைஸ்டர் என்ற பெயரை அழிக்கவில்லை. சீனாவுக்கு வெளியே கான்கிரீட் இயந்திரத் தொழிலின் தலைமையிடமாக அதையே வைத்தார்கள். என்ன வாங்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதை நான் என் தொழிலிலும் தினமும் பார்க்கிறேன். எஸ் வால்வு உரசுகிற இடத்தில் வைக்கும் கட்டிங் ரிங்கை அம்பத்தூரிலேயே நல்ல எஃகில் செய்கிறோம். சில சமயம் இறக்குமதியைவிட அதிக நாள் ஓடும். ஆனால் வாடிக்கையாளரின் முதல் கேள்வி, "கம்பெனி பார்ட்ஸா?" என்பதுதான். இல்லை என்றால் பாதி விலைக்குக் கேட்பார். ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் எங்கள் ரிங்கைப் பல மாதம் போட்டு ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொள்முதல் பட்டியலில் மட்டும் சேர்க்க மறுத்தது. சோதனைச் சான்று வெளிநாட்டு லேபில் வாங்கி வா என்றார்கள். செய்யத் தெரிந்தும் நம்பப்படாமல் இருப்பதன் வலி எனக்குத் தெரியும். அந்த வலியைப் பெரும் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஒரு கம்பெனியால் முடிந்தால் அது ஏன் தயங்கப் போகிறது?

காலமும் அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. 2008 நெருக்கடியில் ஐரோப்பாவில் கட்டுமானம் படுத்துவிட்டது. அதே நேரம் சீன அரசு 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. பாலமும் ரயில் பாதையும் அடுக்குமாடியும் எழுந்த வேகத்தில் சீனப் பம்புக் கம்பெனிகள் கொழித்தன. 2011 முடியும்போது அந்த வேகம் குறையத் தொடங்கிவிட்டது. உள்ளூரில் மூன்று நான்கு பெரிய கம்பெனிகள் ஒரே வாடிக்கையாளருக்காக விலையைக் குறைத்து மோதிக்கொண்டன. கையில் பணம், உள்ளூரில் தேங்குகிற சந்தை, வெளியே விலை இறங்கிய நல்ல கம்பெனி. மூன்றும் ஒரே நேரத்தில் கூடியதால்தான் அந்த வியாபாரம் நடந்தது.

விற்றவர்களின் காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜெர்மனியின் இயந்திரத் தொழிலில் பெரும் பகுதி குடும்பக் கம்பெனிகள். நிறுவியவருக்கு வயதாகிறது, பிள்ளைகள் டாக்டராகவோ பேராசிரியராகவோ போய்விடுகிறார்கள். இது அந்நாட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிற பிரச்சினை. வாங்க வந்தவர்களில் சீனர்கள் நல்ல விலை தந்தார்கள், ஆலையை மூட மாட்டோம் என்றார்கள். சில இடங்களில் தொழிலாளர்கள் பயந்தார்கள். புட்ஸ்மைஸ்டர் விற்கப்பட்ட செய்தி வந்ததும் ஆட்கள் வாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. தெரியாத முதலாளி வரும்போது நம் ஊரிலும் பயப்படுவார்கள்.

பம்பை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். தொழில்நுட்பத்தையே வாங்கப் போனவர்களும் உண்டு. ஏசி, மின்விசிறி செய்யும் மிதியா, 2016இல் ஆக்ஸ்பர்க் நகரத்து ரோபோக் கம்பெனியான கூகாவை ஏறக்குறைய 450 கோடி யூரோவுக்கு வாங்கியது. சீனாவிலும் கூலி ஏறிவிட்டது, இளைஞர்கள் ஆலை வேலைக்கு வரத் தயங்குகிறார்கள். ரோபோ இல்லாமல் ஏசி செய்ய முடியாத நிலை வருகிறது என்பதை மிதியா முன்கூட்டியே பார்த்தது. 2015இல் சீன அரசு அறிவித்த 'மேட் இன் சைனா 2025' திட்டத்திலும் ரோபோ ஒரு முக்கியத் துறை. இந்த இடத்தில் கட்டுரையாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசின் விருப்பமும் அரசு வங்கிக் கடனும் இத்தகைய வியாபாரங்களுக்குப் பின்னால் இருந்தன. அதை மறைத்துப் பேசக் கூடாது. ஜெர்மனி 2017இலும் 2018இலும் விதிகளை இறுக்கி, முக்கியத் துறைகளில் வெளிநாட்டார் 10 விழுக்காட்டுப் பங்கு வாங்கினாலே அரசு ஆய்வு என்று கொண்டுவந்ததும் இதனால்தான்.

கார் தொழிலில் சீனாவின் ஜீலி கதை சென்னைக்காரர்களுக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதில் ஃபோர்டு வருகிறது. ஸ்வீடனின் வால்வோ கார் நிறுவனத்தை ஃபோர்டு 1999இல் 645 கோடி டாலருக்கு வாங்கியது. 2010இல் 180 கோடி டாலர் என்று விலை பேசி லி ஷுஃபுவின் ஜீலிக்கு விற்றது. ஜீலி அப்போது மலிவுக் கார் செய்யும் கம்பெனி. வால்வோவின் பொறியாளர்களை ஸ்வீடனிலேயே விட்டு, 2013இல் அங்கேயே ஒரு கூட்டு வடிவமைப்பு மையத்தைத் தொடங்கி, இரண்டு கம்பெனிக்கும் பொதுவான அடிச்சட்டத்தை உருவாக்கினார்கள். 2009இல் ஏறத்தாழ 3.35 லட்சம் கார் விற்ற வால்வோ, 2019இல் 7 லட்சத்தைத் தாண்டியது. ஸ்வீடன் ஆலையும் ஓடியது, சீனக் கம்பெனியும் கற்றுக்கொண்டது. அதே ஃபோர்டு மறைமலை நகரில் 2022இல் கடைசிக் காரை வெளியே விட்டபோது, அதற்கு உதிரிபாகம் கொடுத்துப் பிழைத்த பட்டறைக்காரர்கள் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

ஃபோர்டும் ஹூண்டாயும் சென்னைக்கு வந்தது தங்களிடம் இருந்ததை இங்கே விற்பதற்கு. சீனக் கம்பெனிகள் பணக்கார நாடுகளுக்குப் போனது பெரும்பாலும் தங்களிடம் இல்லாததை எடுத்துக்கொள்வதற்கு. முப்பது நாற்பது வருஷத்தில் உருவாகும் அனுபவத்தையும் நம்பிக்கையையும் ஒரே கையெழுத்தில் பெறப் பார்த்தார்கள். நான் சொல்ல வருவது இதுதான்.

எல்லாருக்கும் அது பலிக்கவில்லை. சீன டிவி கம்பெனியான டிசிஎல் 2004இல் பிரான்ஸின் தாம்சன் தொலைக்காட்சித் தொழிலைச் சேர்த்துக்கொண்டது. பழைய குழாய் டிவியின் தொழில்நுட்பமும் பெயரும் கைக்கு வந்த சமயத்தில் உலகம் தட்டை டிவிக்கு மாறிவிட்டது. ஐரோப்பியப் பிரிவு சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. இன்னொரு வகை கற்றுக்கொள்ளவே போகாதவர்கள். அன்பாங் என்ற காப்பீட்டுக் கம்பெனி நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலை 195 கோடி டாலருக்கு வாங்கியது. யுவான் மதிப்பு இறங்கும் என்ற பயத்தில் பணத்தை நாட்டுக்கு வெளியே பத்திரப்படுத்தும் ஓட்டம் அப்போது பலமாக இருந்தது. 2016இல் சீனாவின் வெளிநாட்டு முதலீடு 19,600 கோடி டாலரைத் தொட்டு உச்சத்துக்குப் போனது. அடுத்த ஆகஸ்டில் சீன அரசே ஓட்டல், சினிமா, ரியல் எஸ்டேட், விளையாட்டு அணி வாங்குவதற்குக் கட்டுப்பாடு போட்டது. அன்பாங் தலைவர் வூ சியாவ்ஹுய் 2018இல் 18 ஆண்டு சிறைக்குப் போனார். எல்லாம் ஒரே அரசின் ஒரே திட்டம் என்றால் இது ஏன் நடந்தது?

இன்னும் சிலர் போனது வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்க. கார் கண்ணாடி செய்யும் ஃபுயாவ், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் 2008இல் மூடிய ஆலையை வாங்கி, 2016இல் கண்ணாடித் தொழிற்சாலையாகத் திறந்தது. கண்ணாடி எடை அதிகம், உடையும். கடல் கடந்து அனுப்புவதைவிடக் கார் ஆலைக்குப் பக்கத்தில் செய்வது மேல். அங்கே மின்சாரமும் நிலமும் சீனாவைவிட மலிவு என்று அதன் அப்போதைய தலைவர் சாவ் தேவாங் வெளிப்படையாகவே பேசினார். இறைச்சிக்காக ஸ்மித்ஃபீல்டு, விதைக்காக சின்ஜென்டா என்று வாங்கியவையும் உண்டு. அவை வேறு கணக்கு.

கடந்த சில ஆண்டுகளில் காற்று திசை மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சீன மின்சாரக் கார்களுக்கு, வழக்கமான 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் வரி போட்டது: பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 விழுக்காடு. அதற்கு முன்பே பிஒய்டி ஹங்கேரியின் செகெட் நகரில் ஆலை கட்ட முடிவெடுத்திருந்தது. பேட்டரி செய்யும் சிஏடிஎல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஆலை ஓட்டுகிறது. பார்சிலோனாவில் நிஸான் விட்டுப்போன ஆலைக்குள் செரி என்ற சீனக் கார் கம்பெனி நுழைந்திருக்கிறது. இப்போது அவர்கள் கற்கப் போகவில்லை. வரிச் சுவரைத் தாண்டி உள்ளே உட்காரப் போகிறார்கள். பேட்டரியில் சீனர்களுக்குத் தெரிந்தது ஐரோப்பியர்களுக்குத் தெரியவில்லை. ஆலையோடு தொழில்நுட்பத்தையும் கொண்டுவா என்று ஐரோப்பிய அரசியல்வாதிகள் கேட்கிறார்கள். 2012இல் ஜெர்மனிக்கு மாணவனாகப் போன நாடு இத்தனை சீக்கிரம் வாத்தியாராகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு வியப்பும் கவலையும் ஒருசேர வருகின்றன.

கவலை நம்மைப் பற்றியது. 2020 ஏப்ரலில் இந்திய அரசு, நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டும் என்று விதித்தது. எல்லை நிலவரத்தைப் பார்த்தால் அதற்குக் காரணம் உண்டு, நான் எதிர்க்கவில்லை. ஆனால் நம் விவாதம் முழுவதும் கதவைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே நின்றுவிடுகிறது. நாம் வெளியே போய் எதை வாங்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும் என்பது பேச்சிலேயே வருவதில்லை. நம்மால் முடியாததல்ல. ஃபோர்டிடமிருந்தே 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை டாட்டா வாங்கியது. நம் ஊர் டிவிஎஸ் 2020 ஏப்ரலில் பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார்சைக்கிளை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அசோக் லேலண்ட் பிரிட்டனின் ஆப்டேர் பேருந்துக் கம்பெனியை எடுத்தது. இவையெல்லாம் பெரிய தொழில் நிறுவனங்கள். அம்பத்தூர், திருமுடிவாக்கம், கோவை பக்கம் இருக்கிற சிறு பட்டறைகளுக்கு இந்த வழி திறக்கவே இல்லை.

எனக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. வாரிசில்லாத ஜெர்மன், இத்தாலியக் குடும்பப் பட்டறைகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஐம்பது அறுபது பேர் வேலை செய்கிற, உலகம் முழுக்கப் பெயருள்ள, ஒரே ஒரு உதிரிபாகத்தை மட்டும் அருமையாகச் செய்கிற இடங்கள். ஒரு பட்டறைக்காரரால் அதை வாங்க முடியாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால், வங்கிக் கடனுக்கு மாநில அரசு உத்தரவாதம் கொடுத்தால், முடியும். அங்கே இருக்கும் ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு, இங்கிருந்து இளம் டிப்ளமோ பிள்ளைகளை அனுப்பி இரண்டு வருஷம் அவர்கள் கூடவே வேலை செய்ய வைக்க வேண்டும். பொருள் சென்னையில் தயாராகும். பெயரும் சோதனைச் சான்றும் அங்கிருந்து வரும். சானி செய்ததைச் சிறிய அளவில் நாம் செய்வதுதான் இது. வாங்கிய பிறகு கற்றுக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிசிஎல் கதைதான். கிண்டி பொறியியல் கல்லூரியும் தரமணித் தொழில்நுட்பக் கல்விக்கூடங்களும் இருக்கிற ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

தொழிற்பேட்டைச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள், அடுத்து மின்கட்டணப் பிரச்சினைக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் அவசரப் பிரச்சினைதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனவே உங்கள் நாளிதழிடம் கேட்கிறேன். ஜீலி, சானி, மிதியா போன்ற கம்பெனிகள் வாங்கிய பிறகு உள்ளே என்ன செய்தன, யாரை அனுப்பின, எதை மாற்றாமல் விட்டன, எங்கே சறுக்கின என்பதை ஒவ்வொன்றாக விளக்கி ஒரு தொடர் வெளியிடுங்கள். நார்ட்டன் வாங்கிய அனுபவத்தையும் அதில் சேருங்கள். தொழில் துறை அமைச்சரிடமும் சிறுதொழில் சங்கங்களிடமும், கூட்டாக வெளிநாட்டுப் பட்டறை வாங்குவதற்குக் கடன் உத்தரவாதம் தர இயலுமா என்று உங்கள் செய்தியாளர் நேரில் கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் சாதகமாக இருந்தால், சேர விருப்பமுள்ள பட்டறைக்காரர்களை அம்பத்தூரில் கூட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கான்கிரீட் பம்பு பழுதுபார்க்கும் பட்டறை உரிமையாளர்,
அம்பத்தூர், சென்னை.